தமிழ் வராது என்று சொன்னேன்

பதுளை பஜாரில் ஒரு புத்தகக்கடையின் மாடியில் ஏழு வருஷம் தனியாக வேலை பார்த்தேன். கடையின் புத்தகப் பட்டியலைத் தினமும் எக்ஸ்எம்எல் என்ற வகைக் கோப்பாகக் கொழும்பிலுள்ள இணையக் கடைக்கு அனுப்பும் புரோகிராம் நான் எழுதியதுதான். அதில் ஒரு குறை. தமிழ்த் தலைப்புகள் அங்கே வெறும் கேள்விக்குறிகளாகப் போய்ச் சேர்ந்தன. போராடிப் பார்த்துவிட்டு, தலைப்புகளை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பத் தொடங்கினேன். "அதுல தமிழ் வராது முதலாளி" என்றேன். அவரும் நம்பினார்.

பிறகு மடுல்சீமையிலிருந்து ஒருத்தி வேலைக்கு வந்தாள். என்னைவிட இரண்டு வயது இளையவள். மூன்றாம் நாளே என் புரோகிராமைத் திறந்து பார்த்தாள்.

"அக்கா, கோப்போட தலையில, எல்லா மொழிக்கும் எடமிருக்கிற யூடிஎஃப்-8 முறைன்னு போட்டிருக்கு. ஆனா எழுதுறது கம்ப்யூட்டரோட பழைய முறையில. அதுல தமிழுக்கு எடமே இல்லையே."

ஒரே ஒரு வரியை மாற்றினாள். மத்தியானமே தலைப்புகள் தமிழில் வந்துவிட்டன. முதலாளி மாடியேறி வந்து பார்த்துச் சிரித்தார். "இத்தனை காலமா வராதுன்னு சொன்னீங்களே புள்ள" என்றார் என்னிடம். அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதன்பின் அவள் செய்யும் எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பஸ் மாறி வருகிறவள் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பதுகூட.

ஒரு மாதம் கழித்து, பட்டியல் முழுவதையும் கொழும்பு ஏற்க மறுத்தது. ஒரு குறிப்பிட்ட வரியில் பிழை என்று வந்தது. அந்த வரியோ பார்க்கச் சுத்தமாக இருந்தது. காலையிலிருந்து அவள் தேடினாள். அவள் தோளுக்கு மேலாக ஒரு தடவை எட்டிப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. முன்பொருமுறை அதே பிழையில் இரண்டு நாளைத் தொலைத்தவள் நான். பேசாமல் தேநீர் ஊற்றப் போனேன்.

மூன்று மணிக்கு முதலாளி கீழேயிருந்து அவளைச் சத்தம் போட்டார். அதற்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் அவள் கண் கலங்கியதைப் பார்த்தபோது சந்தோஷம் வரவில்லை. எழுந்து போய் அந்த வரியிலிருந்த தலைப்பினூடே கர்சரை நகர்த்தினேன். ஓரிடத்தில் விசையை ஒரு தடவை தட்டியும் அது நகராமல் நின்றது.

"வேர்ட்லருந்து ஒட்டும்போது இப்படி ஒரு எழுத்து ஒட்டிக்கிட்டு வரும். கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்எம்எல் அதை ஏத்துக்காது" என்று அதை அழித்தேன். பட்டியல் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது.

அவள் என்னையே பார்த்தாள். "காலையிலயே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"ஒன் மேல எனக்குப் பொறாமை."

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "அந்த மாதிரி எழுத்தையெல்லாம் அனுப்புறதுக்கு முன்னாடியே நீக்குற மாதிரி புரோகிராம்ல நீங்களே எழுதிருங்க. எனக்கு அது தெரியாது" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

மறுநாள் எழுதினேன். அவள் வாசித்துப் பார்த்து இரண்டு இடங்களைத் திருத்தினாள். இரண்டுமே சரியான திருத்தங்கள். எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.