விளாங்குடி ஜானுவின் இரண்டரைச் சுற்று

ஜானுவின் அப்பா ஜூமா, தான்சானியாவிலிருந்து மதுரைக்குப் பார்மசி படிக்க வந்தவர். கூடப் படித்த வசுந்தராவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு விளாங்குடியிலேயே தங்கிவிட்டார். ஜானு ஏழாவது படிக்கும்போது அவர் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அவருடைய கறுப்பு நிறமும் சுருள்முடியும் அப்படியே மகளுக்கு வந்திருந்தன. தெருப் பையன்கள் அவளை ‘ஆப்பிரிக்கா’ என்று கூப்பிடுவார்கள். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

கல்லூரிக்குப் போன பிறகும் அவள் சக்கர ஸ்கேட்டிங்கை விடவில்லை. இசைக்கு ஆடும் பிரிவு அவளுடையது. மாநிலப் போட்டிகளில் அவளைப் போல ஒருத்தி அதற்கு முன் இறங்கியதில்லை. மற்ற பெண்கள் கைகளை விரித்து வழுக்கிப் போவார்கள்; ஜானு தாவுவாள். வேகமாக வந்து எம்பி, காற்றில் இரண்டரைச் சுற்று சுற்றிப் பின்னோக்கி இறங்குகிற தாவலைப் பழகிக்கொண்டிருந்தாள். “பலம் இருக்கு, நளினம் இல்லை” என்று நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள்.

பக்கத்து ஊரான பரவையைத் தாண்டி, கட்டட வேலை பாதியில் நின்றுபோன ஒரு கல்யாண மண்டபத்தின் சிமெண்ட் தரையில் மாலை நேரம் பழகுவாள். அந்த வாரம் பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. மண்டபக் காவலாளியின் மனைவி சோணையம்மாளின் சின்ன மகள், வேடிக்கை பார்க்க ஓடிவந்து ஜல்லியில் விழுந்து அலறினாள். ஜானு அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தாயைத் தேடினாள். ரோட்டில் போன பைக்குகள் நின்றன.

“ஏய், பிள்ளைய இறக்குடி.”

“அண்ணே, நான் விளாங்குடிண்ணே. கீழ விழுந்துருச்சுன்னு தூக்குனேன்.”

“தமிழ் பேசுறாடா. நல்லாப் பழக்கித்தான் அனுப்பியிருக்காய்ங்க.”

முதலில் அடித்தவன் தங்கப்பாண்டி. கையிலிருந்த ஹெல்மெட்டால் வாயில் அடித்தான். குழந்தையை யாரோ பிடுங்கிக்கொண்டார்கள். முடியைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டார்கள். சென்ட்ரிங் பலகை முதுகில் இறங்கியது. ஒருவன் இடது மணிக்கட்டை மிதித்துத் திருகினான். எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது.

சோணையம்மாள் ஓடிவந்தாள். “எம்பிள்ளையத் தூக்கிவிட்ட பொண்ணுய்யா, விடுங்கய்யா.” அவளையும் தள்ளி மிதித்தார்கள்.

அதைப் பார்த்ததும் ஜானுவுக்கு வெறி வந்தது. மல்லாந்து கிடந்தபடியே முழங்காலை மடக்கி, ஸ்கேட்டின் இரும்போடு உதைத்தாள். தங்கப்பாண்டிக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒடிந்து அவன் சரிந்தான். மற்றவர்கள் அவனைப் பார்த்த நேரத்தில் எழுந்துவிட்டாள். அந்தத் தரையில் சக்கரத்தை விரட்டிப் பிடிக்க அவர்களில் ஆளில்லை. ஜல்லிக் குவியலை எம்பித் தாண்டி, மெயின் ரோட்டில் இறங்கி, ரத்தம் ஒழுகப் பரவை மார்க்கெட் வரை போனாள். அங்கே தக்காளி இறக்கிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த வசுந்தரா, மகளின் முகம் அடையாளம் தெரியாமல் அந்தக் கட்டிலைத் தாண்டிப் போனாள்.

தங்கப்பாண்டியின் அண்ணன் பேயாண்டி சமாதானம் பேச வந்தார். “தெரியாம நடந்துபோச்சு தாயி. அவனுக்கும் கால் போச்சு. கேஸ வாபஸ் வாங்கிக்கிருங்க.”

தைத்த உதட்டோடு ஜானு மெதுவாகச் சொன்னாள். “தெரியாம இல்ல. நான் யாருன்னு சொன்னேன். கேட்டுட்டுத்தான் அடிச்சாரு.”

இனி ஸ்கேட்டிங்கே வேண்டாம் என்று வசுந்தரா அழுதாள். ஜானு கேட்கவில்லை. முறிந்த மணிக்கட்டுக்குள் வைத்த உலோகத் தகட்டோடே அடுத்த மாநிலப் போட்டியில் இறங்கினாள். இரண்டரைச் சுற்றும் முழுசாக வந்தது. முடித்துக் கைகளை விரித்தபோது இடது கை பாதிதான் உயர்ந்தது. நளினத்துக்கு வழக்கம்போலக் குறைத்தார்கள். தாவலுக்குக் கிடைத்த மதிப்பெண்ணே அவளை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தது.

வழக்கு இன்னும் நடக்கிறது. புருஷனின் காவலாளி வேலை போய்விடும் என்று மிரட்டியும் சோணையம்மாள் சாட்சி சொல்ல வந்தாள். போன வாய்தாவில், கோர்ட் வராந்தாவுக்குத் தங்கப்பாண்டி கம்பு ஊன்றி வந்தான். ஜானு உட்கார்ந்திருந்த பெஞ்சைத் தவிர வேறு இடமில்லை.

“கொஞ்சம் தள்ளி உக்காரும்மா” என்றான்.

அவள் அசையவில்லை. பெயர் கூப்பிடும்வரை அவன் நின்றுகொண்டே இருந்தான்.