இடது மூலையிலிருந்து திரும்பி வந்த பந்து

என் கையெழுத்து கோணலாக இருக்கும். நான்காம் வகுப்போடு படிப்பு நின்றதால் பிழைகளும் இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் எதிரில் வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

அடையாற்றங்கரையில் ஒரு கல்லூரியில் நான் மைதானத்து ஆள். மண்ணைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்பால் கோடு போடுவது என் வேலை. அங்கே பாஸ்கெட்பால் சொல்லிக்கொடுக்க ஒரு பிலிப்பைன்ஸ்காரர் இருந்தார். தம் நாட்டில் பெயர்பெற்ற ஆட்டக்காரர். பிறகு கப்பல் வேலைக்கு வந்தவர், ஜப்பான்காரன் அவர் ஊரைப் பிடித்துக்கொண்டதும் திரும்ப வழியில்லாமல் இங்கேயே தங்கிவிட்டார். ஒரு கிளப்பில் அவர் ஆடியதைப் பார்த்த எங்கள் பிரின்ஸிபால் கையோடு அழைத்துவந்து மாஸ்டர் ஆக்கினார்.

பையன்களிடம் அவர் சத்தம் போடமாட்டார். கூடையை அப்புறம் பார், முதலில் கூட்டாளியைப் பார் என்பார். தோற்றுத் தோற்றுப் பழகிய எங்கள் பையன்கள் கிண்டி காலேஜ்காரர்களையே ஜெயித்து வந்தார்கள். தமிழை என்னிடமும் பியூனிடமும்தான் கற்றார். அதனால் எங்களைப் போலவே பேசுவார்.

அவர் அறையில் அவருடைய பழைய டீமின் போட்டோ மாட்டியிருந்தது. அதில் ஓரமாக நிற்பவன் அவர் தம்பி. ஆட்டத்தில் அவன் இடம் இடது மூலை. உயிரோடு இருக்கிறானா என்று சேதியே இல்லை. பையன்கள் போன பிறகு மாஸ்டர் தினமும் அந்த வெற்று மூலைக்குப் பந்தை வீசுவார். அந்தப் பக்கம் சுவர் கிடையாது. காட்டாமணக்கு வேலி மட்டும்தான். பந்து தரையில் ஒருமுறை பட்டு அவர் கைக்கே திரும்பி வரும்.

தரை இந்தப் பக்கம் சரிந்திருக்கும் என்று நினைத்தேன். ஒருநாள் அங்கே தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். தண்ணீர் வேலியைப் பார்த்து ஓடியது. அதற்குப் பிறகு அந்த மூலைக்கு முதுகைக் காட்டி நின்று நான் பெருக்கியதில்லை.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் ஊர் காலியான வருஷம். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பல வீடுகளில் போட்ட பூட்டு போட்டபடியே இருக்க, ஆயுத பூஜை வந்தது. பியூன் பந்து, பம்பு, விசில், என் சுண்ணாம்பு டின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தான். மிஞ்சிய சாமந்திச் சரத்தை அந்தப் போட்டோவுக்கும் போட்டுவிட்டான்.

மாஸ்டர் குடியிருந்தது மயிலாப்பூரில். எந்தப் படத்துக்கு மாலை போடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். உச்சி வெயிலில் வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா நைனா," என்று பியூனைக் கேட்டார். "என் தம்பி செத்துட்டான்னு யார் வந்து சொன்னாங்க?"

"அய்யய்யோ, அதெல்லாம் இல்ல மாஸ்டர். எல்லாத்துக்கும் போட்டுக்கினு வந்தேன். இது மட்டும் மொட்டையா கீதேன்னு…"

மாஸ்டர் பூஜையிலிருந்த பந்தை எடுத்துக்கொண்டு நடந்தார். அன்றைக்கு அதைத் தொடக்கூடாது. ஆனாலும் நாங்கள் தடுக்கவில்லை. மைதானத்தில் ஒரு காக்கைகூட இல்லை. மூலையைப் பார்த்து வீசினார். பந்து தரையில் பட்டது. வழக்கத்தைவிட நேரம் எடுத்ததாக எனக்குத் தோன்றியது. பிறகு திரும்பி வந்தது. சந்தனத்தில் விரல்கள் பதிந்திருந்தன. அவை மாஸ்டரின் விரல்களாகவும் இருக்கலாம்.

"கீறான்," என்று சொல்லி அவர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சண்டை முடிந்த பிறகு, மாஸ்டர் ஊருக்குப் போட்ட கடிதத்தைப் பிடித்துக்கொண்டு தம்பி நேரிலேயே வந்தான். அண்ணனைவிட வயதானவனாகத் தெரிந்தான். யாரும் சொல்லாமலே இடது மூலைக்குப் போய்க் கையை நீட்டினான். மாஸ்டர் வீசினார். அந்த மூலையில் பந்து கையில் விழும் சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். இருவரும் ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். போய்ச் சேர்ந்ததும் சேதி அனுப்புவதாகச் சொன்னார்கள்.

சில நாள் கழித்து நான் அந்த மூலைக்குப் பந்தை வீசிப் பார்த்தேன். அது வேலிக்குள் போய்க் கிடந்தது. மறுநாளும் அப்படியே.

பியூன் சிரித்தான். "உன் கைக்கு எதுக்குய்யா வரும்? அவன் இன்னா உன் தம்பியா?"

அப்படித்தான் இருக்கவேண்டும். சேதி இன்னும் வரவில்லை. சாயங்காலத்தில் நான் பந்தை வீசுகிறேன். பிறகு வேலிக்குப் போய் எடுத்து வருகிறேன்.

அடையாறு,
18 ஏப்ரல் 1948, ஞாயிறு.