அக்கா கைக்குத்தான் படம் வரும்

இந்தக் கட்டடத்தில் என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒன்று நடந்தால் மூன்றாக்கிச் சொல்பவளாம். இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இது நடந்தது. என் வீட்டு ஹாலில், நான் நல்ல நினைவோடு உட்கார்ந்திருக்கும்போது நடந்தது. மூன்றாக்கவில்லை. நம்ப மாட்டீர்களே என்று கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் மாடியில் இரண்டே வீடுகள். ஒன்று எங்களுடையது, எதிரே மேனேஜருடையது. எந்தக் கம்பெனிக்கு மேனேஜர் என்பது முக்கியமில்லை. லிப்டில் ஏறினால் லிப்டுக்கே மேனேஜர் மாதிரி நிற்பார். ஒருநாள் கேபிள்காரரை வாசலில் நிற்க வைத்து, இனிமேல் உன் கேபிள் எங்களுக்கு வேண்டாம் என்று மாடி முழுக்கக் கேட்கும்படி சொல்லி அனுப்பினார். டிவியின் முதுகில் விரல் நீளத்துக்கு ஒரு ஸ்டிக்கைச் செருகினார். வைஃபை வழியாக உலகத்துப் படமெல்லாம் வந்து கொட்டியது. அவர் செய்தால் நாங்கள் சும்மா இருப்போமா? அடுத்த வாரமே நாங்களும் கேபிளை வெட்டினோம்.

ஆனால் ஸ்டிக்கில் ஒரு குறை உண்டு. காட்சி நெட்டுக்குள் சுற்றிக்கொண்டு வருவதால் அரை நிமிடம் பிந்தி வரும். சினிமா பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. நேரடிக் கால்பந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும். கீழ்வீட்டுக்காரர் மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்திருந்தார். அவர் "கோல்" என்று கத்தும்போது மேனேஜர் டிவியில் ஆட்டக்காரன் அப்போதுதான் பந்தைத் துரத்த ஆரம்பித்திருப்பான். மேனேஜருக்கு இது எப்படிப் பொறுக்கும்? தனக்கு முன்னால் ஒருவன் சந்தோஷப்படுவதா?

ஆபீஸில் யாரோ வேண்டாமென்று போட்டிருந்த ஆன்டெனா ஒன்றை எடுத்து வந்தார். தட்டையான பீடம், இரண்டு கம்பி, நீளமாக ஒரு கறுப்பு ஒயர். வீடெல்லாம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். படம் சதுரம் சதுரமாக உடைந்ததே தவிர சேரவில்லை. கடைசியில் சோபாவுக்குப் பின்னாலிருந்த ஜன்னலில் வைத்தார்கள். அங்கே தூசி தட்டுவதற்காக அக்கா அதைக் கையில் எடுத்தார். படம் கண்ணாடி மாதிரி வந்தது.

"அசையாதக்கா" என்றார் மேனேஜர்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த அம்மாள் அசையவில்லை.

அக்கா என்றால் மேனேஜரின் கூடப்பிறந்த அக்கா. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்து, கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல், தம்பியைப் படிக்க வைத்தவர். இதையெல்லாம் அவர் சொல்லவில்லை, நான்தான் லிப்டில் தோண்டி எடுத்தேன். ஓய்வு பெற்றதும் தம்பி வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வந்தார். தம்பி நிற்க வைத்துவிட்டார்.

வெளிச்சம் திரையில் அடிக்கும் என்று ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடுவார்கள். அக்கா சீலைக்கும் ஜன்னலுக்கும் நடுவே, ஆன்டெனாவை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஹாலில் இருப்பவர்களுக்குச் சீலையில் ஒரு புடைப்பும் கீழே இரண்டு செருப்பும்தான் தெரியும். அதுவும் திரும்பிப் பார்த்தால்தான். மனித உடம்பைப் போல நல்ல ஆன்டெனா கிடையாது என்று மேனேஜர் விளக்கம் வேறு கொடுப்பார். அவர் மனைவி ஒருதடவை கம்பியைப் பிடித்துப் பார்த்தாளாம், வரவில்லை. "அது அக்கா கைராசி" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

சர்க்கரை கேட்கிற சாக்கில் நான் போகும்போதெல்லாம் பார்ப்பேன். பாதி ஆட்டத்தில் சீலைக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் குரல் வரும். "தம்பி, கொஞ்சம் இறக்கிக்கட்டுமா?"

"அஞ்சு நிமிஷம்க்கா."

ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் ஒவ்வொரு விரலாக நெட்டி முறிப்பார். தோளில் பூசிய தைலம் ஹாலெல்லாம் மணக்கும். முடியாது என்று சொல்லக் கூடாதா என்று ஒருதடவை கேட்டேன். "ஆபீஸ்லேர்ந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வர்றான். படம் தெளிவா வந்தாத்தான் சிரிக்கிறான்" என்றார்.

அந்த வருஷத்து இறுதி ஆட்டத்தன்று நான் ஊரில் இல்லை. தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் அக்கா இல்லை. ஆட்டம் முடிந்ததும் மயங்கி விழுந்தார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது என்றார்கள். மேனேஜர் கொஞ்ச நாள் லிப்டில் தலை குனிந்து நின்றார். பிறகு நிமிர்ந்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து மேனேஜர் மனைவி ஆன்டெனாவோடு என் வாசலில் நின்றாள். அதைப் பார்த்தாலே கஷ்டமாக இருக்கிறது, உங்களுக்கு வேண்டுமா என்றாள். சும்மா வருவதை வேண்டாம் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

எங்கள் வீடும் அதே அமைப்புத்தான். முன்னால் டிவி, நடுவில் சோபா, பின்னால் ஜன்னல். ஜன்னல் திட்டில் வைத்தேன். சீலையை இழுத்து மூடினேன். டிவியைப் போட்டேன்.

படம் கண்ணாடி மாதிரி வந்தது. யாரும் பிடிக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவ்வளவு நாள் ஒரு மனுஷியை நிறுத்தி வைத்தார்களே, ஜன்னலை மாற்றியிருந்தால் போதுமே என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு மாலை ஷிப்ட், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போனார்.

அப்புறம் எனக்கு ஒரு பொழுதுபோக்கு கிடைத்தது. மேனேஜர் மறுபடி ஸ்டிக்குக்கு மாறியிருந்தார் அல்லவா? ஆட்டம் நடக்கும் நாளில் வாசல் கதவை லேசாகத் திறந்து வைத்துக்கொள்வேன். பந்தைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. கோல் விழுந்தால் கத்த வேண்டும், அவ்வளவு தெரியும். நான் கத்துவேன். அரை நிமிடம் கழித்து எதிர் வீட்டிலிருந்து உயிரில்லாமல் ஒரு "கோல்" வரும். அக்காவுக்காக நான் பழிவாங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கவனித்தது வாசனை. தைலம். எங்கள் வீட்டில் யாரும் தைலம் பூசுவதில்லை. ஆன்டெனாவில் ஒட்டியிருக்கும் என்று துடைத்து வைத்தேன். மறுநாளும் மணத்தது.

அடுத்தது படம். முக்கால் மணி நேரம் அசையாமல் இருக்கும். பிறகு லேசாக நடுங்கும். காற்றில் ஆடுகிற மாதிரி இல்லை. கனமான பாத்திரத்தைத் தூக்கி வைத்திருக்கும் கை நடுங்குமே, அப்படி. சட்டென்று ஒரு வெட்டு வெட்டும். மறுபடி நிலைத்துவிடும்.

கை மாற்றிப் பிடித்த மாதிரி...

மூன்றாவது, டிவியை அணைத்த பிறகு பின்னாலிருந்து ஒரு சத்தம். டக்... டக்... டக்... ஜன்னல் சட்டம் குளிரில் சுருங்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று நல்ல வெயில் அடித்திருந்தது.

பிறகு அடுத்த தொடரின் அரையிறுதி ஆட்டம் வந்தது. மாலை ஏழரை மணிக்கு ஆரம்பித்தது. நான் தனியாக இருந்தேன். வாசல் கதவு லேசாகத் திறந்திருந்தது. எதிர் வீட்டிலிருந்தும் அதே ஆட்டத்தின் இரைச்சல், வழக்கம்போலப் பிந்திப் பிந்தி வந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சமம். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே பாக்கி. பந்து கோல் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தது. நான் சோபா நுனிக்கு வந்துவிட்டேன்.

படம் நடுங்க ஆரம்பித்தது.

தைல வாசனை குப்பென்று அடித்தது.

பின்னாலிருந்து ஒரு குரல். மெதுவாக, தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்குகிற குரல்.

"கொஞ்சம் இறக்கிக்கட்டுமா?"

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருங்க, அஞ்சு நிமிஷம்" என்றேன்.

படம் நிலைத்தது. நடுக்கமே இல்லை. முன்பு எப்போதும் இல்லாத தெளிவு.

இரண்டு மூச்சு விட்டிருப்பேன்.

அப்புறம்தான் உறைத்தது. நான் யாரிடம் பேசினேன்...?

கழுத்து திரும்ப மறுத்தது. டிவியில் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. எனக்கு அது கேட்கவில்லை. பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. நீளமாக. இழுத்து இழுத்து.

திரும்பினேன்.

சீலை புடைத்திருந்தது. தோள் உயரத்துக்கு ஒரு புடைப்பு. அதற்கு மேலே, தூக்கிய கை அளவுக்கு இன்னொன்று.

ஜன்னல் சாத்தியிருந்தது. காற்று இல்லை.

எங்கள் சீலை குட்டை. முழங்கால் வரைதான் தொங்கும். கீழே பார்த்தேன்.

தரை தெரிந்தது.

தரை மட்டும்தான் தெரிந்தது.

"இறக்கிக்கட்டுமா..."

இந்த முறை குரலில் அழுகை இருந்தது. கோபம் இருந்திருந்தால்கூட நான் ஓடியிருப்பேன். அது கெஞ்சியது. சீலையைப் பார்த்தே சொன்னேன்.

"இறக்கிக்கோங்கக்கா... போதும்."

புடைப்பு தளர்ந்தது.

படம் சதுரமாக உடைந்தது. கறுத்தது. சிக்னல் இல்லை என்று எழுத்து வந்தது.

டக்...

டக்...

டக்...

பொறுமையாக, ஒவ்வொரு விரலாக.

எதிர் வீட்டில் மேனேஜர் "கோல்" என்று கத்தினார். எனக்கு யார் அடித்தார்கள் என்று தெரியாது. இன்றுவரை கேட்கவும் இல்லை.

வீட்டுக்காரர் வரும்வரை வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். காலையில், இதை வீட்டை விட்டு எடுத்துப் போங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் ஆன்டெனாவைத் தூக்கினார். ஒயர் கையோடு தனியாக வந்துவிட்டது.

பீடத்தை ஒட்டிய இடத்தில் உள்ளே அறுந்திருந்தது. மேலே கறுப்பு ரப்பர் மூடியிருந்ததால் வெளியே தெரியவில்லை. உள்கம்பியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது.

"இது நேத்து அறுந்தது இல்ல. வருஷக்கணக்கா இப்படித்தான் இருந்திருக்கும்" என்றார் அவர். ரப்பரை விரலால் அமுக்கிக் காட்டினார். "இந்த இடத்தை இறுக்கிப் பிடிச்சாத்தான் ரெண்டும் சேரும். விட்டா படம் போயிடும். இவ்வளவு நாளா இதை யாரு பிடிச்சுக்கிட்டிருந்தா?"

நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டைவிரல் அளவுக்கு ரப்பர் தேய்ந்து பளபளப்பாக இருந்தது. உடம்பும் இல்லை, ராசியும் இல்லை. எந்தக் கடையிலும் கிடைக்கிற ஒரு ஒயர். அதை ஒருவர்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை.

இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். மேனேஜர் ஆபீஸ் போயிருந்தார். நேற்று நடந்ததை அவர் மனைவியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"யார்கிட்டேயும் சொல்லிடாதீங்க" என்றாள். என்னைப் போய் இப்படிக் கேட்டாளே, அவள் நிலைமை அப்படி.

அக்கா ஆட்டம் முடிந்து மயங்கி விழவில்லையாம். ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் சிரித்துக்கொண்டே போய்ச் சீலையை விலக்கினாராம். அக்கா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் விரிந்து மடியில் கிடந்தன. ஆன்டெனா ஒரு பக்கமாக உருண்டு கிடந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது. வந்து பார்த்த டாக்டர், உயிர் போய் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றாராம். கணக்குப் போட்டால் இடைவேளைக்கு முன்பே.

"ரெண்டாவது பாதியில அவங்க கேட்டாங்க. இறக்கிக்கட்டுமான்னு. என் காதால கேட்டேன். இவர்தான் அஞ்சு நிமிஷம்க்கான்னு சொன்னார்." "அதுக்கப்புறமும் ஒருதடவை கேட்டாங்க."

"சோபாவுக்குப் பின்னாடிதானே இருந்தாங்க? ஒருத்தர்கூடவா திரும்பிப் பார்க்கல?" என்றேன்.

அவள் என் கையிலிருந்த அறுந்த ஒயரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"படம் நல்லா வந்துக்கிட்டிருந்துச்சே."