டப்பாப் பொண்ணு

ஐம்பத்தெட்டு வயதிலும் ஊர் அவளை டப்பாப் பொண்ணு என்றுதான் கூப்பிட்டது. வலிக் களிம்பு டப்பாவின் மூடியில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, இடது கன்னத்து மச்சத்தோடு, வாயை இறுக மூடிக்கொண்டு பார்ப்பாள். அது இவள்தான். தொழில் தொடங்கியபோது, வெளியாளைத் தேடிப் போக மனமில்லாத அப்பா மகளையே ஸ்டூலில் உட்கார வைத்துப் படம் எடுத்தார். அதை வணிகச் சின்னமாகப் பதிவு செய்து, பத்து வருடத்துக்கு ஒருமுறை தானே போய்ப் புதுப்பித்தும் வந்தார். களிம்பு காய்ச்சுவது முதல் டப்பா அடைப்பது வரை மகளுக்குக் கற்றுக்கொடுத்தவர், அந்த ஒரு வேலையை மட்டும் சொல்லாமலே கண்ணை மூடிவிட்டார். கெட்டிக்காரர்தான். தான் சாகப்போவதில்லை என்ற நினைப்பு மட்டும் கொஞ்சம் அதிகம்.

அவர் போய் ஆறு வருடம். ஒரு நாள் காலையில், முழங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு ஒரு டீச்சர் பட்டறைக்கு வந்தார்.

"உங்க மூஞ்சியை நம்பித்தானே பூசினேன்?"

அவர் நீட்டிய டப்பாவில் அதே ஸ்டூல், அதே மச்சம். ஆனால் அந்தச் சிறுமி பல் தெரியச் சிரித்தாள். எட்டு வயதில் இவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. அந்த வெட்கத்தில்தான் வாயையே திறக்கவில்லை. தன் முகம் தனக்குத் தெரியாமல் எங்கோ போய்ச் சிரித்துவிட்டு வந்திருக்கிறது என்று தோன்றியது.

வக்கீலிடம் ஓடினாள்.

"பதிவு உயிரோட இருந்தா ஒரு நோட்டீஸ்லயே இந்தப் போலி டப்பாவைக் கடைக்காரங்களை எடுக்க வெச்சிடலாம்மா. இல்லேன்னா இது உங்க சின்னம்னு கோர்ட்ல வருஷக்கணக்கா நீங்கதான் நிரூபிக்கணும். அதுக்குள்ள போலி போடறவன் முந்திக்கிட்டுப் பதிவு பண்ணிட்டா, உங்களையே நிறுத்தச் சொல்லுவான்."

"என் மூஞ்சியை நான் போடக்கூடாதா?"

"டப்பாவுல போடக்கூடாது. அப்பா வாங்கின சான்றிதழைக் கொண்டு வாங்க."

அது பழைய வீட்டில் இருந்தது. அப்பா போனதும் பூட்டிவிட்டு, பட்டறைக்குப் பின்னாலேயே குடிவந்துவிட்டாள். உச்சி வெயிலில் போய்ப் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினாள். கூடத்துச் சுவரின் ஓதத்தை மறைக்க அப்பா ஒட்டிய வீண் லேபிள் தாள்கள் உத்தரம் வரை அப்படியே இருந்தன. அச்சு தவறியதால் சில முகங்களுக்குக் கண் இல்லை, சிலவற்றுக்கு இரண்டு வாய். பசை விட்ட தாள்கள் காற்றில்லாமலே அசைந்தன.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"வாடகைக்கு விட்டிருக்கீங்களாக்கா? ஒரு பொண்ணு ஜன்னல்ல நிக்குது. எத்தனை கூப்பிட்டாலும் பேசமாட்டேங்குது."

லேபிளாக இருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

காலடியில் மூன்று உறைகள் கிடந்தன. மூன்றும் பதிவு அலுவலகத்திலிருந்து, செத்துப்போன அப்பா பெயருக்கு. குடிமாறியதை ஊரெல்லாம் சொன்னவள், பதிவு அலுவலகத்துக்குச் சொல்லவில்லை. புதுப்பிக்கும் தேதி எப்போதோ தாண்டிப் போயிருந்தது. அபராதத்தோடு கட்ட ஆறு மாத அவகாசம். அதில் நாலே நாள் பாக்கி. அலமாரியைக் குடைந்து சான்றிதழை எடுத்துக்கொண்டு, பூட்டக்கூட நிற்காமல் வெளியேறினாள்.

மறுநாளே கட்டியாயிற்று. பதிவு பிழைத்தது. வக்கீல் நோட்டீஸ் போன இரண்டு வாரத்தில், சிரிக்கிற சிறுமி கடைகளிலிருந்து காணாமல் போனாள்.

வக்கீலுக்கு ஒரே குஷி. "இனி பத்து வருஷத்துக்குக் கவலையில்லம்மா. அப்புறமும் புதுப்பிச்சுக்கிட்டே போகலாம், முடிவே கிடையாது. நீங்களும் நானும் போனாலும் இந்தப் பொண்ணு இருப்பா."

அவர் நல்லதாகத்தான் சொன்னார். அவளுக்குத்தான் பயமாக இருந்தது. தான் இல்லாத வருடங்களிலும் அந்த எட்டு வயது யார் வீட்டு அலமாரியிலோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். கவனிக்க ஆளில்லாவிட்டால், மறுபடி எவனாவது வந்து அதைச் சிரிக்க வைப்பான். அவளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது.

"பதிவை உங்க பேருக்கு மாத்துற படிவம் இது. புதுப்பிக்கச் சொல்லி வர்ற நோட்டீஸ் உங்களோட இன்னொருத்தருக்கும் வரட்டும். யாரைப் போடலாம்?"

அவள் தம்பி மகளின் பெயரை எழுதினாள். நர்ஸுக்குப் படிக்கிற பெண். களிம்பு வாசமே அவளுக்கு ஆகாது.

"அந்தப் பொண்ணைக் கேட்டீங்களா?"

"என்னை யாரு கேட்டாங்க?" என்று சொல்லிவிட்டு, அவள் கையெழுத்துப் போட்டாள்.