பூட்டுப் போட்ட தண்ணீர்

வெயிலுமுத்துவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரன் தண்ணீர் கலக்கிறான், கடைக்காரன் தராசில் விளையாடுகிறான், ரயிலில் பக்கத்தில் நிற்பவன் பாக்கெட்டைத்தான் பார்க்கிறான். ஒருவன் சிரித்துப் பேசினால் என்ன காரியத்துக்கு என்று யோசிப்பார். சிரிக்காமல் போனால் எதை மறைக்கிறான் என்று யோசிப்பார். மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலேயே பிறந்து வளர்ந்து, சைக்கிளில் இட்லிப் பானையைக் கட்டிக்கொண்டு செம்பூர் வரை மிதித்து விற்று, நாற்பதைத் தாண்டிய மனிதர். சந்தேகப்படாதவன் பம்பாயில் பிழைக்க முடியாது என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சியின் தலைமை அலுவலகம் அவர் வீட்டு வாசலில் இருந்த நீல டிரம்தான். விடிவதற்கு முன் குழாயில் வருகிற தண்ணீரைப் பிடித்து அதை நிரப்பினால்தான் மறுநாள் இட்லி. ஒருநாள் தண்ணீர் மட்டம் இறங்கியிருப்பதாக அவருக்குத் தோன்றியது. தோன்றினால் போதாதா? பழியைத் தூக்கிப் பக்கத்து வீட்டு சிராஜ் தலையில் போட்டார். சிராஜ் தாராவியில் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறவன். அவன் மனைவி சைனப்புக்கு அப்போது நிறைமாதம். நான் எடுக்கவில்லை அண்ணாச்சி என்று அவன் சொன்னதே அவன்தான் எடுத்தான் என்பதற்கு வெயிலுமுத்துவுக்குச் சாட்சியாகிவிட்டது.

அன்றே டிரம் மூடியில் பூட்டு ஏறியது. சாவி மனைவி பிரபாவதியிடம் போனது. உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் அவள்தான். விற்கக் கிளம்பும்போது பூட்டை அமுக்குவார், திரும்பிப் பார்க்காமலே சாவியை நீட்டுவார், அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வாள். அப்படியும் மட்டம் இறங்கத்தான் செய்தது. சிராஜ் கள்ளச்சாவி செய்துவிட்டான் என்று முடிவு கட்டி, அவனோடு பேச்சை நிறுத்தினார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பந்தயம் வந்தது. மாட்டுங்காவில் ஒரு சைக்கிள் கடைக்காரர் வாரக் கடைசியில் ஆட்களை மலைப்பாதைக்குக் கூட்டிப் போவார். முன்னால் ஓட்டிப் போக அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. மாதச் சம்பளம். வெயிலுமுத்துவும் கேட்டார், சிராஜும் கேட்டான். கர்ஜத் பக்கம் நடக்கிற மலைச் சைக்கிள் பந்தயத்தில் உங்கள் இருவரில் யார் முன்னால் வருகிறாரோ அவருக்கு வேலை என்று சொல்லி, ஆளுக்கொரு சைக்கிளும் கொடுத்துவிட்டார். சம்பளம் என்ற ஒன்றைக் கையில் வாங்கியே பார்த்திராத வெயிலுமுத்துவுக்கு அந்த வேலை எப்படியும் வேண்டும்.

பந்தயத்தின் விதி அவருக்காகவே எழுதியது போல இருந்தது. வழியில் தண்ணீர் கிடையாது. குடிக்கிற தண்ணீர், மாற்று டியூப், பம்பு, ஸ்பேனர், கட்டுத்துணி எல்லாவற்றையும் அவரவரே சுமக்க வேண்டும். கிளம்பும்போதும் காட்ட வேண்டும், முடிக்கும்போதும் காட்ட வேண்டும். ஓட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் உதவலாம், வெளியாள் கை வைத்தால் ஆட்டம் முடிந்தது.

மற்றவர்கள் பாட்டிலைச் சைக்கிள் கம்பியிலேயே மாட்டியிருந்தார்கள். வெயிலுமுத்து அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். போகிற வருகிறவன் எதையாவது கலந்துவிட்டால்? அவர் எல்லாவற்றையும் முதுகுப் பைக்குள் அடைத்து, சோதனை முடிந்ததும் ஜிப்பின் இரண்டு காதுகளையும் சேர்த்து ஒரு குட்டிப் பூட்டை மாட்டி அமுக்கினார். திரும்பிப் பார்க்காமலே சாவியை நீட்டினார். வழியனுப்ப வந்திருந்த பிரபாவதி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். விசில் ஊதிவிட்டது.

பாதி மலை ஏறியதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. சிராஜ் எங்கோ பின்னால் வந்துகொண்டிருந்தான். குடித்துவிட்டு ஏறலாம் என்று இறங்கிச் சட்டைப் பையைத் தடவினார். கால்சட்டைப் பையைத் தடவினார். அப்புறம்தான் உறைத்தது. பூட்டை உடைக்க ஸ்பேனர் வேண்டும், அது பைக்குள் இருந்தது. கல்லால் அடித்தால் பாட்டில் உடையும். தன் தண்ணீரைத் தானே முதுகில் சுமந்துகொண்டு, ஒரு மரத்தடியில் தலை சுற்றி உட்கார்ந்தார்.

சிராஜ் வந்தான். பார்த்துச் சிரித்துவிட்டுப் போவான் என்று நினைத்தார். அவன் இறங்கித் தன் பாட்டிலை நீட்டினான். வெயிலுமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். போட்டிக்கு வந்தவன் எதற்குத் தண்ணீர் தருகிறான்?

சிராஜ் பூட்டைப் பார்த்தான். விஷயம் புரிந்துவிட்டது.

"சரி அண்ணாச்சி, உங்க தண்ணியவே குடிங்க" என்று தன் பையிலிருந்து ஒல்லியான ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுத்தான். ஜிப்பின் பற்களுக்கு நடுவே ஒரு குத்து. பை வாயைப் பிளந்தது. பூட்டு பூட்டினபடியே தொங்கியது.

வெயிலுமுத்துவின் வறண்ட தொண்டையில் எங்கிருந்தோ குரல் வந்தது. "இப்படித்தாம்ல என் டிரம்மையும் தெறந்த?"

சிராஜின் முகம் மாறிவிட்டது.

"டிரம்முக்கு ஏது அண்ணாச்சி ஜிப்பு? நான் பை தைக்கவன், இது எனக்குத் தெரியும். டிரம்ம மதினில்லா தெறந்தாவ. சைனப் பிள்ள பெத்துக் கெடக்கும்போது எங்க குழாயில சொட்டுத் தண்ணி இல்ல. மதினிதான் மொண்டு குடுத்தாவ. உங்ககிட்ட சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாவ. கோவத்துல சொல்லிட்டேன்."

பாட்டிலை எடுத்து அவர் கையில் திணித்துவிட்டு, ஜிப்பைப் பூட்டோடு சேர்த்து இழுத்தான். பை பழையபடி மூடிக்கொண்டது. அவன் போய்விட்டான்.

வெயிலுமுத்து குடித்துவிட்டுப் பாட்டிலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். தண்ணீர் இறங்கியது, அந்தப் பேச்சு இறங்கவில்லை. பொய் சொல்கிறான் என்று மிதித்தார். அப்புறம், டிரம் குறைகிறது என்று தான் கத்திய நாளிலெல்லாம் பிரபாவதி ஏன் வாயே திறக்கவில்லை என்ற எண்ணம் வந்தது. தாலி கட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக அவளைச் சந்தேகப்பட்டார். மிச்ச மலை முழுக்க அதுதான் கூட வந்தது. கல்லில் ஏறி இறங்கியதைவிட அது வலித்தது.

முடிவுக் கோட்டில் சிராஜ் முன்னமே வந்து நின்றான். வேலை போயிற்று. பிரபாவதி முந்தானை முடிச்சைப் பிடித்தபடி ஓடி வந்தாள்.

"சாவி எங்கிட்டல்லா இருக்கு! தண்ணி குடிக்கலியா நீங்க?"

"சிராஜ் வீட்டுக்கு நீதான் தண்ணி குடுத்தியா?"

அவள் தலை குனியவில்லை. "ஆமா. நீங்க சாவியக் குடுத்த பொறவுதான். அதுவரைக்கும் டிரம்மு உங்களுதுல்லா. சாவி வந்ததும் எனக்கும் அதுல பாத்தியத உண்டுன்னு தோணிச்சு."

"அப்போ அதுக்கு முன்னால கொறைஞ்சது?"

"நான் மாவாட்ட மொண்டது. வேற எதுக்கு டிரம்மு?"

சோதனைக்காரர் பையைத் திறந்து காட்டச் சொன்னார். அவள் முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தாள். வெயிலுமுத்து திறந்து காட்டினார், மூடினார். பூட்டை மாட்டவில்லை. கொஞ்சம் தள்ளி சிராஜ் மிச்சத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்க வெட்கமாக இருந்தது. இந்தத் தடவை மனைவியின் முகத்தைப் பார்த்துச் சாவியை நீட்டினார்.

"நீயே வச்சிக்க" என்றார். "இப்பவாவது அவிய குழாயில தண்ணி வருதா?"