படம் மட்டும் திக்கட்டும்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் அவர். அதனால் தெருவுக்கெல்லாம் கிரேன்காரர்; பெண்டாட்டிக்கு மட்டும் 'என்னங்க'. உயரத்தில் அந்தக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து குனிந்து பார்த்தால், கீழே நிற்கும் மனுஷரெல்லாம் சிந்திப்போன அரிசி மாதிரி இருப்பார்கள். அதில் ஒரு அரிசிக்கு மஞ்சள் தொப்பி. தூக்கு, இறக்கு, நிறுத்து என்று கையை ஆட்டிச் சைகை காட்டுவது அவன் வேலை. எந்நேரமும் ஊதிக்கொண்டே இருப்பதால் அவனுக்குப் பெயரே விசில்.

கிரேன்காரர் லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. காற்றில் கூண்டு ஆடினாலும் கொட்டாவி விடுவார். அப்பேர்ப்பட்டவர் அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

நடந்தது இதுதான். கப்பலிலிருந்து ஒரு இரும்புக் கம்பிக் கட்டைத் தூக்கி லாரிப் பக்கம் கொண்டுபோனார். கட்டு கப்பல் ஓரத்தில் இருந்தது. பார்த்தால், லாரிக்கு மேலே இருந்தது. நடுவில் அது வந்த வழியை அவர் பார்க்கவே இல்லை. கண்ணை மூடவில்லை, தூங்கவுமில்லை. அந்தத் துண்டை மட்டும் யாரோ கத்தரித்து எடுத்த மாதிரி இருந்தது. அந்தத் துண்டில்தான் விசில் நின்றுகொண்டிருந்தான். எப்படியோ குனிந்து தப்பிவிட்டான்.

"என்னண்ணே, தொப்பிக்கு அளவெடுக்கறீங்களா?" என்று வாக்கிடாக்கியில் சிரித்தான். இவருக்கு உள்ளங்கை வேர்த்து லீவர் வழுக்கியது.

யாரிடம் சொல்வது? சொன்னால் அன்றைக்கே கூண்டை விட்டு இறக்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால்? அதற்கு மேல் யோசிக்க மனசு இடம் கொடுக்கவில்லை.

வீட்டில் அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. பழைய டிவிடி எங்கே கிடைத்தாலும் வாங்கி, கீறலைத் துடைத்து, படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துவிடுவார். கம்ப்யூட்டர் உள் அறையில். டிவி கூடத்தில். டிவிக்குப் பக்கத்தில் ஒரு வீடியோ கேம் பெட்டி. பெண்டாட்டியின் தம்பி, இவருடைய மச்சான், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனபோது விட்டுப்போனது. உள் அறையிலிருக்கும் படம் வைஃபையில் அந்தப் பெட்டிக்கு வந்து டிவியில் ஓடும்.

மனசை மாற்றிக்கொள்ளலாம் என்று அன்று சாயங்காலம் ஒரு சிரிப்புப் படம் போட்டார். சைக்கிள் திருடன் ஓடுகிறான், தொந்தி போலீஸ் துரத்துகிறார். சைக்கிள் விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அடுத்து, கடை வாசலில் இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

இங்கேயும் வந்துவிட்டதா?

அப்போதுதான் துணி மடித்துக்கொண்டே பெண்டாட்டி கூடத்துக்கு வந்தாள். "என்னங்க இது, சைக்கிள்காரன் தவளை மாதிரி தாவறான்?"

"உனக்கும் தாவுதா?"

"எனக்குன்னு தனியாவா ஓடுது?"

நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவருக்கு. பெட்டிதான் கோளாறு! அன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். ஆனால் அந்த இரும்புக் கட்டு டிவியிலா போனது? அந்தக் கேள்வி வந்து வந்து கதவைத் தட்டியது. அவர் திறக்கவே இல்லை.

மறுவாரம் முழுக்கக் கூண்டில் ஏறினார். சுமையை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். "என்னண்ணே, நிறைமாசப் பிள்ளைத்தாச்சியையா தூக்கறீங்க?" என்று விசில் கேலி பண்ணினான். சாயங்காலமானால் படத்தைப் போட்டுவிட்டு, பெண்டாட்டியைக் கூப்பிடுவார்.

"பாத்தியா, இப்ப தாவிச்சில்ல?"

"தாவிச்சு, தாவிச்சு. இதுக்கு மெடலா குடுக்கறாங்க?"

அவளுக்குச் சலித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பியை வரவழைத்துவிட்டாள். அவன் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். வந்ததும் உள் அறைக்கும் கூடத்துக்கும் நடந்து பார்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்தான்.

"மாமா, படத்தையெல்லாம் கொஞ்சம்கூடச் சுருக்காம குண்டு குண்டா ஏத்தி வச்சிருக்கீங்க. இந்தத் தடிச் சுவத்தைத் தாண்டி வைஃபை அதைத் தூக்கிட்டு வரணும்னா மூச்சு வாங்காதா? ஒரு கேபிள் இழுத்துட்டா சரியாப் போயிடும்."

"வேணாம் மாப்ள. இப்படியே இருக்கட்டும்."

"அக்கா, இவர் என்ன திக்கற படத்துக்குப் பரிஞ்சு பேசறார்?"

"செவுத்துல ஆணி அடிப்பே. செவுரு கெட்டுடும்," என்றார் கிரேன்காரர்.

"ஆணியே இல்ல மாமா. தரையோரமா ஒட்டிடுவேன்."

அவருடைய பயம் சுவரைப் பற்றியது இல்லை. பெட்டி சரியாகிவிட்டால், பழி போட வேறு எதுவும் இல்லை. அதற்கப்புறம் தாவினால் அது எங்கே தாவுகிறது என்று தெரிந்துபோகும். மச்சான் கேபிளை ஒவ்வொரு முழமாக ஒட்டிக்கொண்டு வரவர, தன்னை நோக்கி எதுவோ ஊர்ந்து வருகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தைப் போட்டான். சைக்கிள் விளக்குக் கம்பத்தைத் தாண்டி, நாய்க்கு வழிவிட்டு, கடை வாசலில் போய் நின்றது. நடுவில் ஒரு நாய் இருந்ததே அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்காவும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவருக்கும் சிரிப்பு வந்தது. தோள் தளர்ந்தது. அப்பாடா, எல்லாம் பிரமை.

தொந்தி போலீஸ் படியில் ஏறத் தொடங்கினார். கீழ்ப் படியில் கால். அடுத்து, மாடியில் தொப்பி.

அவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

"இப்ப தாவிச்சா?"

"எங்கங்க? எண்ணெய் விட்ட மாதிரி போகுதே."

பின்னால் ஓட்டி, அதே இடத்தை மறுபடி போட்டார். போலீஸ் மூச்சிரைக்க ஒவ்வொரு படியாக ஏறி, நடுவில் வழுக்கி, கைப்பிடியைப் பிடித்து, மாடிக்குப் போனார். ஒன்றும் விட்டுப்போகவில்லை. பெட்டி அத்தனையையும் காட்டியிருக்கிறது. இவர்தான் பார்க்கவில்லை.

ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"டேய் விசில், நாளைக்கு நான் மேல ஏறல."

"ஏண்ணே, காய்ச்சலா?"

"இல்லடா. அன்னிக்கு அந்தக் கட்டு உன் தலைக்கு மேல வந்துச்சே... அது வந்ததை நான் பாக்கவே இல்லடா. சூப்பர்வைசர்கிட்ட நானே சொல்லிடறேன். உன்கிட்டதான் முதல்ல சொல்லணும்னு தோணிச்சு."

போனை வைத்தார்.

பெண்டாட்டியின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எழுந்து வந்து அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, தன் பக்கம் திருப்பினாள். "என்னைப் பாருங்க. நான் தெரியறேனா? விடாம தெரியறேனா?"

தெரிந்தாள். ஆனாலும் அவர் கண்ணைக் கொட்டவே பயந்தார்.