அக்கரையிலிருந்து வந்த மூவர்

அத்னமதா, ஆற்றங்கரையில் இருந்த எங்கள் கார்னுண்டம் ஊரில், ரோமப் படையின் பாசறை வாசலில் ரொட்டி சுட்டு விற்றவள். அவளுக்கு மாவு என் வண்டியில்தான் வரும். ரொட்டி கல்லாட்டம் இருக்கிறது என்று எந்தச் சிப்பாயாவது குறை சொன்னால், "பல்லு ஆடுறவன்லாம் ஏன்டா படைக்கு வந்தீங்க?" என்பாள்.

கிழக்குப் போரிலிருந்து திரும்பிய படை கொண்டுவந்த கொள்ளைநோயில் அவள் புருஷன் போனான். மிஞ்சியது ஒரே மகன், விண்டோ.

பிறகு ஆற்றுக்கு வடக்கே போர் மூண்டது. சக்கரவர்த்தி மார்க்கஸ் ஆரேலியஸ் ரோமாபுரியை விட்டு எங்கள் ஊரிலேயே வந்து தங்கினார். போர்ச் செலவுக்கு வரியை ஏற்றாமல் அரண்மனைச் சாமான்களை ஏலம் விட்டவர், ஓய்வு கிடைத்தால் தத்துவம் எழுதுகிறவர் என்றார்கள். நல்லவர்தான். ஆனால் அந்த நல்லவரின் படைக்கு ஆள் போதவில்லை. விண்டோவையும் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் குளிர்காலத்தில் சேதி வந்தது. அக்கரைக் கோட்டைக்கு வெளியே அவனைப் புதைத்துவிட்டார்களாம். ஆறுதல் சொல்ல வந்த சிப்பாய், சக்கரவர்த்தியே எத்தனையோ பிள்ளைகளைப் பறிகொடுத்தும் கலங்காதவர் என்றான்.

"கதவச் சாத்திக்கிட்டு அழுதிருப்பாரு. நீ பாத்தியா?" என்றாள், அடுப்பிலிருந்து திரும்பாமல்.

சில வருஷத்தில் சக்கரவர்த்தியும் நோயில் இறந்தார். பட்டத்துக்கு வந்த மகன் எதிரிகளோடு சமாதானம் பேசி ரோமாபுரி திரும்பினான். அக்கரைக் கோட்டைகளைக் காலி செய்ய உத்தரவானது. கதவு, தானியம், ஆணி எல்லாம் படகில் வந்தன. அத்னமதா படைத்தலைவன் ஃபுஸ்கினஸிடம் போனாள்.

"ஆணியப் பிடுங்கிட்டு வர ஆள் இருக்கு. எம் புள்ளையக் கொண்டுவர ஆள் இல்லையா?"

"உத்தரவு இல்லம்மா," என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டு.

மறுநாள் நானும் அவளும் வண்டியோடு ஆற்றைக் கடந்தோம். சிப்பாய்கள் காட்டிய மேட்டைத் தோண்டினால், ஒரே குழியில் மூன்று பேர். துணியெல்லாம் மக்கிப்போயிருந்தது. எலும்பை வைத்து யார் எவர் என்று சொல்ல முடியவில்லை. அவள் ஒவ்வொரு மண்டையோட்டையும் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"மூணு பேரையும் ஏத்துப்பா."

"மத்தவங்க யாருன்னே தெரியாதேக்கா."

"அவங்களப் பெத்தவளுக்கும் நாம இங்க வந்தது தெரியாதுல்ல."

இக்கரையில் அவள் புருஷன் கல்லறைக்குப் பக்கத்திலேயே மூவரையும் அடக்கம் செய்தோம். அதன்பின் அவள் அடுப்பு மூட்டவில்லை. அந்த மூவரில் விண்டோ இருந்தானா என்று சில நாள் என்னைக் கேட்பாள். இருந்தான் என்பேன். ஒன்பது வருஷம் கழித்து மார்புச்சளியில் இறந்தாள். அவர்களுக்கு அருகிலேயே குழி வெட்டினேன். அன்று மண் உறைந்து கிடந்தது.